அம்பு எங்கே விழுந்ததென்று சொல் கண்ணு

பொள்ளாச்சி
கார்த்திகை மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க மாசாணியம்மன் துணை.

இந்த வருடம் மழை பரவாயில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்காலில் தண்ணீர் முறையாக விட்டார்கள். தென்னையில் வெள்ளை ஈ மட்டும் இன்னும் போகவில்லை. மேற்கு வரிசையில் வாடல் விழுந்த மரங்களை வெட்டிவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அக்கா வந்து பலகாரம் சுட்டு வைத்துவிட்டுப் போனாள். சின்ன மாமா விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. பூடானில் என்னோடு வேலை பார்த்த பாரோக்காரர் போன் செய்தார்.

அவர் மகன் பெர்த்துக்கு வந்தபோது விமான நிலையம் போய் அழைத்து வந்ததும், முதல் மாதம் உங்கள் வீட்டில் தங்க வைத்ததும் நீதான் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்போது பேசினாலும் அதைச் சொல்லாமல் போனை வைக்க மாட்டார். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இந்த முறையும் சொன்னார். அவர் ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பலரும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார்களாம். லோசார் புத்தாண்டு வில் போட்டிக்கு அணி சேர்க்க இளவட்டங்கள் கிடைப்பதில்லை, நாங்கள் கிழவர்கள்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வில் இழுக்கிறோம் என்றார். அப்புறம் பேச்சோடு பேச்சாக, "உங்கள் மகன் புது வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறானாம். என் மகன் போன வாரம் போய் எங்கள் ஊர் மிளகாய்க் குழம்பு எமா தட்சி செய்து கொடுத்துவிட்டு வந்தானாம்" என்றார்.

நான் "ஆமாம், தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியாது கண்ணு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட பாரோக்காரர் மகன் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், அவன் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பான். உன் புது விலாசம் என்னிடம் இல்லை.

நான் எதையும் தோண்டித் துருவிக் கேட்கப் போவதில்லை. வீடு மாறினால் விலாசத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாடகை அதிகமாகியிருக்கலாம். சுரங்கத்துக்குப் போகிற விமானத்துக்குப் பக்கமாக வீடு பார்த்திருக்கலாம். இரண்டு வாரம் பில்பரா சுரங்கத்தில், ஒரு வாரம் பெர்த்தில் என்று அலைகிறவனுக்கு எது வசதி என்று உனக்குத்தான் தெரியும். நான் சொல்வதெல்லாம், தனியாக இருந்தாலும் சோறு வடித்து, ஒரு குழம்பாவது வைத்துச் சாப்பிடு. ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே. புது வீட்டு ஒப்பந்தமோ வேறு எதுவோ, யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதே. ஒரு நாள் வைத்திருந்து படி. அக்காவிடம் கேள். கோபத்தில் இருக்கும்போது கையெழுத்துப் போடவே போடாதே.

முன்பெல்லாம் நீ போனில் வந்தால் பின்னால் சமையலறை தெரியும். மருமகள் எதையாவது கிளறிக்கொண்டே "அத்தை, ரசப்பொடி தீர்ந்துபோச்சு" என்பாள். பாப்பா குறுக்கே ஓடுவாள். இப்போது உன் பின்னால் வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது. நீ பெர்த்தில் இருக்கும் வாரத்தில்கூட பாப்பா சனி, ஞாயிறு மட்டும்தான் வருகிறாள். மற்ற நாளில் கேட்டால் தூங்குகிறாள் என்கிறாய். இங்கே சாயங்காலம் நாலு மணி என்றால் அங்கே ஆறரை. ஆறரைக்கு அந்தக் குழந்தை என்றைக்குத் தூங்கியிருக்கிறது? அம்மாவும் இதைக் கவனித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பாவுக்குத் தைத்த பாவாடையை மட்டும் மடித்து மடித்து வைக்கிறாள்.

பாரோக்காரர் பேசி முடித்ததிலிருந்து எனக்கு அந்த லோசார்தான் நினைவில் ஓடுகிறது. 2012 மாசியில் நாம் இருவரும் போனது. அம்மாவிடம் அதைப் பற்றி எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், ஆனால் உன்னோடு உட்கார்ந்து பேசினதே இல்லை. இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் தாலா நீர்மின் திட்ட வேலைக்குப் பூடானுக்குப் போனபோது நீ சின்னப் பையன். 2006-இல் முதல் டர்பைன் சுற்ற ஆரம்பித்த பிறகு ஒரேயடியாக வீடு வந்தேன். வாங்சூ ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக மலைக்குள் சுமார் 23 கிலோமீட்டர் சுரங்கம். அதில் நான் காண்ட்ராக்டரிடம் சர்வேயர். பாரோக்காரர் எனக்கு அளவுகோல் (ஸ்டாஃப்) பிடித்தவர். நான் லெவல் கருவி வழியாகப் பார்த்துக் கையைத் தூக்கினால் அந்தக் கோடியிலிருந்து அவர் புரிந்துகொள்வார். கேடு என்ற ஊரில் எங்கள் காலனியில் விடுமுறை நாள் என்றால் அவரும் ஊர்க்காரர்களும் வில்லோடு கிளம்பிவிடுவார்கள், நான் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். எங்கள் ஊர்ப் போட்டியைப் பார்க்க மகனோடு வரவேண்டும் என்று அப்போதே சொல்லி வைத்திருந்தார். நீ காலேஜ் முடித்த பிறகுதான் அதற்கு நேரம் அமைந்தது.

அப்போது புதிதாக விட்டிருந்த விவேக் எக்ஸ்பிரஸில் கோயம்புத்தூரில் ஏறினோம். நியூ ஜல்பாய்குரி போய்ச் சேர்வதற்குள் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு தீர்ந்து, ரயிலில் விற்ற முட்டை பிரியாணிக்கு நீ முகம் சுளித்தாய். டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ஜெய்காவ். அங்கிருந்து ஒரு வாசலைக் கடந்தால் புன்சோலிங். இந்தப் பக்கம் அத்தனை ஹாரன், அந்தப் பக்கம் அப்படியொரு அமைதி என்று நீ ஆச்சரியப்பட்டாய். பெர்மிட் வாங்கி மேலே ஏறும்போது கேடுவில் வண்டியை நிறுத்தி நான் இருந்த குடியிருப்பைக் காட்டினேன். அதில் கல்லூரி வந்துவிட்டது. என் அறை ஜன்னலில் ஒரு மாணவன் துணி காயப்போட்டிருந்தான். நீ ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

வழியெல்லாம் நீ அதிகம் பேசவில்லை. வேலையில் சேர்வதற்கு முன் ஊர் சுற்றுகிறோம் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்திருந்தோம்.

திம்புவில் சங்லிமிதாங் மைதானத்தில் முதல் போட்டியைப் பார்த்தோம். 1885-இல் சண்டை நடந்த இடம் அது. உக்யென் வாங்சுக் அங்கே ஜெயித்த பிறகுதான் அந்த வம்சத்தின் கை ஓங்கியது. மைதானம் கட்டியது 1974-இல், நாலாவது ராஜா முடிசூட்டிக்கொண்ட வருடம். அங்கே எல்லோர் கையிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில், வெளிநாட்டிலிருந்து வந்தது. அம்பு போகிற வேகம் பயமாக இருந்தது. நீ அதைத்தான் ரசித்தாய். எனக்கு மூங்கில் வில்தான் பிடிக்கும், இப்போதும். மூங்கில் வில்லில் அம்பு வளைந்து எழுந்து, மேலே போய், இறங்கும். அது போகும்போது பார்த்துக்கொண்டிருக்க நமக்கு நேரம் இருக்கும்.

அதற்குப் பாரோவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ட்ருக்யெல் சோங் கோட்டைக்குப் போகிற சாலையில், ஆற்றுக்கு மேல்புறம், அறுவடை முடிந்த வயல்களை ஒட்டி ஒரு நீண்ட புல்தரை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு மரப்பலகை நட்டு வைத்திருந்தார்கள். மூன்றடி உயரம், ஒரு அடி அகலம்தான் இருக்கும். இரண்டு பலகைக்கும் நடுவே சுமார் 145 மீட்டர். ஒலிம்பிக்கில் 70 மீட்டர்தான் அப்பா, இது அதைப்போல் இரண்டு மடங்கு என்று நீதான் சொன்னாய். அந்த முனையில் நின்று பார்த்தால் பலகை ஒரு கோடு போலத் தெரிந்தது. விட்ட அம்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று விட்டவன் கண்ணுக்குத் தெரியாது.

போட்டிக்கு முந்தின இரவு பாரோக்காரர் வீட்டில் படுக்கவில்லை. அணிக்காரர்கள் எல்லோரும் மனைவி மக்களை விட்டு ஒரு கொட்டகையில் ஒன்றாகத் தங்கினார்கள். எந்த நேரம் நல்லது, யார் முதலில் விடுவது என்பதற்கெல்லாம் ஜோசியர் வேறு. ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். பாரோக்காரர் வீட்டு அம்மா அன்று புகாரி அடுப்பில் விறகு போட்டுக்கொண்டே நம்மிடம், ராத்திரி முழுக்க அங்கே தூங்கவே மாட்டார்கள், ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டிருப்பார்கள் என்றார். போட்டி முடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குத்தான் போனார்கள். விலகி இருக்க ஒரு கணக்கு உண்டு, திரும்பி வரவும் ஒரு கணக்கு உண்டு. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

மறுநாள் காலை குளிர் விரலைக் கடித்தது. வானம் தெளிந்து ஜொமொல்ஹாரி சிகரம் வெள்ளையாகத் தெரிந்தது. கோ என்கிற அங்கி உடுத்தி, முழங்கால் வரை சாக்ஸ் போட்டு, வாயில் தோமாவைக் குதப்பிக்கொண்டு வந்தார்கள். நம்மூர் வெற்றிலை பாக்குதான் அது, ஆனால் அந்தப் பச்சைப் பாக்கு தலையைச் சுற்ற வைக்கும். ஒன்றைப் போட்டுவிட்டு நீ வேர்த்துப்போய் உட்கார்ந்தாய். பாரோக்காரர் தன் வில்லை உன் கையில் கொடுத்துக் காட்டினார். இரண்டு மூங்கில் துண்டுகளை நடுவில் பிடிக்கிற இடத்தில் சேர்த்துக் கட்டியது. அந்தக் காலத்தில் நாண்கூட ஒரு காஞ்சொறிச் செடியின் நாரில் திரித்ததாம். நாணலில் அம்பு, பின்னால் இறகு, முன்னால் இரும்பு முனை.

ஒவ்வொருவருக்கும் இரண்டு அம்பு. இரண்டு அணியும் இந்த முனையிலிருந்து, அப்புறம் எல்லோரும் நடந்து அந்த முனைக்குப் போய் அங்கிருந்து இங்கே. பலகையின் நடுவட்டத்தில் பட்டால் மூன்று புள்ளி, பலகையில் வேறெங்கே பட்டாலும் இரண்டு, பக்கத்தில் ஒரு அம்பு நீளத்துக்குள் விழுந்தால் ஒன்று. 25 வந்தால் ஒரு ஆட்டம். காலையில் ஆரம்பித்தது பொழுது சாய்கிற வரைக்கும் போனது, ஒருவருக்கும் அவசரமில்லை. பட்டுவிட்டால் அணிக்காரர்கள் வரிசையாக நின்று, கைகளை விரித்து, ஒரு காலைத் தூக்கி மெதுவாக ஆடிப் பாடுவார்கள். அடித்தவர் இடுப்பில் ஒரு வண்ணத் துணியைச் செருகிக்கொள்வார். மத்தியானத்துக்குள் பாரோக்காரர் இடுப்பில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தொங்கியது. எதிரணியில் அவர் மைத்துனர் இருந்தார். அந்த வீட்டு அம்மா பெண்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டே தன் கூடப்பிறந்தவரையே கேலி செய்து பாடினார். அவர் சிரித்துச் சிரித்து அம்பைத் தப்பாக விட்டார். கேலி செய்து குறி தவற வைப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான்.

உன்னை இதையெல்லாம் நினைக்க வைப்பதற்காக எழுதவில்லை. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உனக்கு நினைவிருக்கும். பலகைக்குச் சில அடி தள்ளி அணிக்காரர்களே நிற்பார்கள். அம்பு தங்களை நோக்கி வரும், அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு எட்டு நகர்வார்கள். அடிபட்டவர்களும் உண்டு. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் அப்பா அங்கே போய் நிற்கிறார்கள் என்று கேட்டாய். கொஞ்ச நேரத்தில் உனக்கே புரிந்தது. விடுகிறவனுக்குத்தான் தன் அம்பு தெரியாதே. இவர்கள் கையைத் தூக்கிக் காட்டுவார்கள்: இடது பக்கம் போய்விட்டது, வலது பக்கம், எட்டவில்லை, தாண்டிப் போய்விட்டது. காட்டிக்கொண்டே கத்துவார்கள். பட்டால் பாட்டு. படாவிட்டால் எங்கே விழுந்தது என்று உடனே சொல்லிவிட வேண்டும். எதிரணி கேட்டுச் சிரிக்கும், சிரிக்கட்டும். அதை வைத்துத்தான் அவன் இரண்டாவது அம்பைச் சரி செய்கிறான். சொல்லாமல் விட்டால் இரண்டாவதும் அதே இடத்தில்தான் போய் விழும்.

ஆட்டம் முடிந்த பிறகு விருந்தாளி என்று உன் கையில் வில்லைக் கொடுத்தார்கள். நீ இழுத்து விட்டாய். அம்பு பாதித் தூரம்கூடப் போகவில்லை. பாரோக்காரர் மகன் அங்கே ஓடிப்போய் நின்று, இங்கே, இங்கே என்று இரண்டு கையையும் ஆட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. இரண்டாவது அம்பு உன் கையிலேயே இருந்தது. நீ வில்லைக் கீழே வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டாய்.

நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சைக்கிள் வளைந்தபோது அதை அப்பாரு தோட்டத்துச் சாளையில் கொண்டுபோய் ஒளித்து வைத்தவன் நீ. பன்னிரண்டாவதில் கணக்கு மார்க்கை அம்மாயிக்குச் சொல்லி, எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கினாய். நல்லது நடந்தால் ஊருக்கே போன் போடுவாய், கெட்டது நடந்தால் ஒரு ஆளுக்கும் தெரியாது. நாங்கள் உன்னை என்ன செய்துவிடுவோம் என்று நினைக்கிறாய்? நான் உன்னை ஒருநாளாவது கை நீட்டி அடித்திருக்கிறேனா?

அன்று ஆற்றங்கரையில் வில்லோ மரத்தடியில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீயே சொன்னாய். கேம்பஸில் எடுத்த கம்பெனி சேர வேண்டாம் என்று கடிதம் அனுப்பிவிட்டது, வந்து ரொம்ப நாள் ஆகிறது, யாருக்கும் சொல்லவில்லை என்று. அத்தனை தூரம் ரயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும் எனக்குத் தெரியாது. நான் சரி, சாப்பிடப் போகலாம் என்றேன். உன் முகத்தில் ரத்தம் திரும்பியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று ராத்திரி சிவப்பரிசிச் சோற்றில் எமா தட்சியை ஊற்றி, மிளகாய்க் காரத்தில் கண்ணீர் வழிய வழிய நீ சாப்பிட்டதுபோல் அதற்கு முன் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. மறுநாள் விடிந்ததும் நீயும் அந்தப் பையனுமாக மைதானத்துக்குப் போய்விட்டீர்கள். ஊருக்குக் கிளம்பும் முன் உன் அம்பு பலகை வரைக்கும் போனது. படவில்லை, ஆனால் போய்ச் சேர்ந்தது. அவன் பலகைப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தான்.

அதே பையன்தான் இப்போது உனக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறான். அவனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

145 மீட்டரே எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை கண்ணு. பெர்த் எப்படித் தெரியும்? நீ சொன்னால்தான் உண்டு. எட்டவில்லை என்றாலும், தாண்டிப் போய்விட்டது என்றாலும், எங்கே என்று மட்டும் சொல். நான் சிரிக்க மாட்டேன். அம்மா அழுவாள், கொஞ்ச நேரம் அழுதுவிட்டு எழுந்து உனக்குப் பருப்புப்பொடி இடிக்க உட்கார்ந்துவிடுவாள். அவளை உனக்குத் தெரியும்.

தாலாவில் நான் இருந்த காலத்தில் அம்மா எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் மர அலமாரியில் இருக்கின்றன. கறவை செத்தது, கிணறு வற்றியது, உனக்கு அம்மை போட்டது, சின்ன மாமா சண்டை போட்டுவிட்டுப் போனது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். சுரங்கத்தில் பாறை இளகி வேலை நின்று, கூலி தள்ளிப்போன மாதங்களை நானும் அவளுக்கு எழுதினேன். எட்டி இருக்கிற வேலை என்றால் அப்படித்தான் குடும்பம் நடத்த முடியும். உன் வேலையும் அதே வேலைதான். இரண்டு வாரம் ஆள் இல்லாத வீட்டில் என்னென்ன நடக்கும், திரும்பி வருகிறவன் அந்த வீட்டில் எங்கே செருப்பை விடுவது என்றுகூடத் தெரியாமல் எப்படி நிற்பான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், நீ என்ன சொன்னாலும் எனக்குப் புரியும்.

மருமகள் தீபாவளிக்கு அம்மாவுக்குப் போன் செய்தாள். நன்றாகத்தான் பேசினாள். மாமா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். உன்னைக் கேட்டதற்கு, "அவர் வேலைக்குப் போயிருக்கார் அத்தை" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன இருந்தாலும், இல்லாவிட்டாலும், அவள் இந்த வீட்டுப் பெண்தான். அவளிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசாதே. பாப்பா முன்னால் பேசவே பேசாதே. சாப்பிடு. தூங்கு. காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே என்று முதலிலேயே எழுதிவிட்டேன், இருந்தாலும் இன்னொரு முறை எழுதுகிறேன்.

உன் சம்பாத்தியத்தில் இந்த வீட்டுக் கடன் அடைந்தது. பாரோ மகனுக்கு நீ செய்தது, அக்கா மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது எல்லாம் எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் உன்னைப் பற்றிப் பேசும்போது என் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது. எது நடந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். அதில் உனக்குச் சந்தேகம் வரக்கூடாது.

பாரோக்காரர் இந்த லோசாருக்கு வரச் சொல்கிறார். மாசியில் வரும். நீ ஒரு வாரம் கூடுதலாக லீவு கேட்டால் நாம் போய்விட்டு வரலாம். ரயில் வேண்டாம், எனக்கு இப்போது முதுகு தாங்காது. பாக்டோக்ரா வரை விமானத்தில் போய் அங்கிருந்து காரில் போகலாம். முன்பு மாதிரி இல்லை, இந்தியர்களுக்கும் இப்போது ஒரு இரவுக்கு 1200 ரூபாய் கட்டணம் உண்டு. நீ ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வாங்கிவிட்டிருந்தால் உனக்கு ஒரு இரவுக்கு 100 டாலர், விசாவும் முன்னாலேயே எடுக்க வேண்டும். வாங்கிவிட்டாயா என்று அதையும் நீ சொல்லவில்லை.

பாப்பாவையும் கூட்டி வா. கருப்புத் தொப்பி ஆட்டம் ஆடிக்கொண்டே அங்கியின் அகலக் கையில் வில்லை ஒளித்துவைத்துப் போய், 842-இல் திபெத்தின் ராஜா லங்தர்மாவை அம்பெய்து கொன்ற துறவியின் கதையைப் பாரோக்காரர் நமக்குச் சொன்னாரே, அதை அவர் வாயாலேயே அவள் கேட்க வேண்டும். 1984-இல் பூடான் முதல்முறை ஒலிம்பிக்குக்குப் போனபோது போன ஆறு பேரும் வில்லாளிகள், அதில் மூன்று பேர் பெண்கள் என்பதையும் அவளுக்குச் சொல். அவள் கேட்டால் மூங்கிலில் சின்ன வில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

குழந்தையை வெளிநாடு அழைத்துப் போவதென்றால் தாய் தகப்பன் இரண்டு பேரும் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அக்கா சொன்னாள். அவளிடம் நான் பொதுவாகத்தான் கேட்டேன். மருமகளிடம் நீ கேள். உன்னால் கேட்க முடியாது என்றால் சொல், நானே போன் செய்து கேட்கிறேன். அவளும் வருகிறேன் என்றால் இன்னும் சந்தோஷம். வர முடியாது என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட வேண்டும். இது கையில் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், அஞ்சு மணியிலிருந்து ஏழு வரை நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். வீடியோ வேண்டாம், சும்மா போன் செய். புது விலாசத்தையும் அப்போதே சொல்லிவிடு, பருப்புப்பொடி அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அப்பா